வலி நின்ற பிறகு

சிங்கப்பூரில், தேக்கா வட்டாரத்தில், பாத்திரக்கடை ஒன்றின் மேல்மாடியில் இருந்த பல் கிளினிக்கில் நான் பல வருடங்கள் வேலை பார்த்தேன். அதை நடத்திய டாக்டர் இப்போது அங்கே இல்லை. கிளினிக்கும் இல்லை. நான் இப்போது கிளமெண்டியில், கண்ணாடிக் கதவு தானாகத் திறந்து மூடும் பெரிய கிளினிக் ஒன்றில் இருக்கிறேன். வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் யாராவது என் மேசைக்கு வந்து, போன வாரம் உயிர் போகிற வலி இருந்தது, இப்போது ஒன்றுமில்லை, அப்பாயின்ட்மென்ட்டை ரத்து செய்துவிடுங்கள் என்று சொன்னால் என் கை கொஞ்ச நேரம் கீபோர்டில் அப்படியே நின்றுவிடுகிறது. உள் அறையிலிருந்து ஒருவர் எழுந்து வருவார் என்று என் உடம்பு இன்னும் எதிர்பார்க்கிறது.

என் டாக்டரிடம் "இப்ப ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு யாரும் சுலபமாகப் படியிறங்கிவிட முடியாது. கையுறையோடு வெளியே வந்துவிடுவார். ஒல்லியான உடம்பு, ஐம்பதை ஒட்டிய வயது, தலையில் எப்போதும் வெளிர் நிற முக்காடு, இங்கே தூடோங் என்பார்கள். அவருடைய தாத்தா காலத்தில் நாகூர்ப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். டாக்டர் பிறந்தது, படித்தது எல்லாம் இங்கேதான். தமிழ் பேசும்போது நடுநடுவே அந்த ஊர்ச் சாயலும் இந்த ஊர்ச் சாயலும் மாறி மாறி வரும்.

"வலி எப்ப நின்னுச்சு? மாத்திரை போட்டு நின்னுச்சா, தானா நின்னுச்சா?" என்று கேட்பார்.

தானாக நின்றது என்று பெருமையாகச் சொன்னால் அவர் முகம் மாறிவிடும். தன் தாடையிலேயே விரலை வைத்துக் காட்டி விளக்குவார். சொத்தை முதலில் பல்லின் மேலோட்டைத்தான் அரிக்கும். அப்போது ஐஸ் பட்டால் கூசும், இனிப்பு பட்டால் சுள்ளென்று இழுக்கும், அவ்வளவுதான். உள்ளே நரம்பு இருக்கிற இடத்தைத் தொட்டுவிட்டால் தூங்கவிடாது. பிறகு ஒரு நாள் அந்த நரம்பு செத்துப்போகும். செத்தது வலிக்காது. அந்த மனிதர் நிம்மதியாகக் கோழிக்கால் கடிக்கக் கிளம்பிவிடுவார். கிருமியோ வேர் நுனி வழியாக எலும்புக்குள் இறங்கி அங்கே சீழ் சேர்க்க ஆரம்பித்திருக்கும்.

"சீழுக்கு வெளிய வர ஒரு வழி வேணும். ஈறுல கொப்புளமா வந்தா உங்க நல்ல நேரம். இல்லாட்டி எந்தப் பக்கம் எலும்பு மெலிசா இருக்கோ அந்தப் பக்கம் போகும். கன்னத்துக்குப் போகும், கண்ணுக்குக் கீழ போகும், கழுத்துக்கு இறங்கும். உங்ககிட்ட கேட்டுட்டுப் போகாது லா."

இதைக் கேட்டுச் சிலர் பயந்து உட்கார்ந்துவிடுவார்கள். சிலர் டாக்டர் ஆள் பிடிக்கிறார் என்று நினைத்துப் போய்விடுவார்கள். போனவர்களையும் அவர் விடமாட்டார். கொஞ்ச நாள் கழித்துத் தானே போன் செய்து, வாயைத் திறக்க முடிகிறதா, காய்ச்சல் வந்ததா, பல் மற்றதைவிட உயரமாக வந்த மாதிரி கடிக்கும்போது இடிக்கிறதா என்று விசாரிப்பார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு இது வெட்கமாக இருந்தது. கடைக்கு வந்துவிட்டு வாங்காமல் போனவரைத் துரத்துவது போலத் தோன்றியது.

புதிதாக வருகிறவர்களை அவர் உடனே அந்தச் சாயும் நாற்காலியில் படுக்க வைக்கமாட்டார். எதிரில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். அதில் உட்கார வைத்து, முழங்கால் முட்டும் தூரத்தில் தானும் உட்கார்ந்துகொண்டு ஊர்க்கதை பேசுவார். எங்கே வேலை, பஸ்ஸில் எவ்வளவு நேரம், இன்றைக்கு என்ன சாப்பிட்டீர்கள். வெளியே காத்திருப்பவர்கள் என்னை முறைப்பார்கள். அவர் அரட்டை அடிக்கிறார் என்றுதான் நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தது பதிலை அல்ல என்பது மெதுவாகத்தான் புரிந்தது. வாய் எவ்வளவு திறக்கிறது, குரல் தடித்திருக்கிறதா, எச்சில் விழுங்கும்போது புருவம் சுருங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பார். கடைசியில் இரண்டு கைகளையும் தாடைக்கு அடியில் கொடுத்து, குழந்தையின் முகத்தை ஏந்துவது போல ஏந்தித் தடவிப் பார்ப்பார். நெறி கட்டியிருக்கிறதா என்று விரலுக்குத் தெரிந்துவிடும். உள் அறைக் கதவை அவர் சாத்தியதே இல்லை. காத்திருப்பவர்கள் பேசுவது காதில் விழுந்துகொண்டே இருக்க வேண்டும் அவருக்கு.

அவரோடு வெளியே போவதும் கொஞ்சம் ஆபத்துதான். ஒரு நாள் தேக்கா மார்க்கெட் தேநீர்க் கடையில் தே வாங்க வரிசையில் நின்றோம். முன்னால் ஒரு பெண். கல்யாணங்களுக்கு மணப்பெண் அலங்காரம் செய்பவள் என்று பிறகு தெரிந்தது. முகம் முழுக்க அளவான மேக்கப். மோவாயில் ஓர் இடத்தில் மட்டும் சற்றுத் தடியாகப் பூசியிருந்தாள். டாக்டர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தேன். பயனில்லை. மன்னிக்க வேண்டும் என்று ஆரம்பித்து, மோவாயில் இருப்பது அடிக்கடி வந்து போகிறதா என்று கேட்டேவிட்டார்.

அந்தப் பெண் கையால் மறைத்துக்கொண்டு, "சும்மா பிம்பிள்தான் ஆன்ட்டி. ஒண்ணுமில்ல" என்றாள்.

ஒரே இடத்திலா என்று கேட்டார். ஆமாம், ஒரே இடத்தில்தான். தோல் டாக்டர்களிடம் போய்வந்தாயிற்று, களிம்பு பூசியாயிற்று, ஆறுவதும் திரும்ப வருவதுமாக இருக்கிறது என்று அவள் சலிப்போடு சொன்னாள். கீழ் முன்பல்லில் எப்போதாவது அடிபட்டதா என்று டாக்டர் கேட்டதும் அவள் என்னைப் பார்த்தாள். இந்த அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று கேட்கிற பார்வை. பிறகு யோசித்து, தொடக்கப்பள்ளியில் படிக்கும்போது விளையாட்டு மைதானத்தில் சறுக்குமரத்திலிருந்து விழுந்ததைச் சொன்னாள். அன்றைக்கு அழுததோடு சரி, அப்புறம் அந்தப் பல் ஒரு நாளும் வலித்ததில்லையாம்.

வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். அடுத்த வாரமே படியேறி வந்துவிட்டாள். எக்ஸ்ரேயில் அந்தப் பல்லின் வேரடியில் கறுப்பாக ஒரு நிழல். அன்றைக்கு விழுந்த அடியில் நரம்பு செத்து, இத்தனை வருடம் சத்தமில்லாமல் இருந்து, சீழ் எலும்பைக் குடைந்து தோல் வழியாக வெளியே வந்திருந்தது. பல்லுக்குள் சுத்தம் செய்து வேரை அடைத்தபின் களிம்பே இல்லாமல் அந்தப் புண் ஆறிற்று. அந்த இடத்தில் சின்னக் குழி மட்டும் நின்றது. அதைச் சரிசெய்துகொள்ளலாம் என்று டாக்டர் சொன்னார். அவள் கண்ணாடியில் இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்துவிட்டு, அழகாகத்தான் இருக்கிறது, இருக்கட்டும் என்று சொல்லிவிட்டாள். அன்று முழுவதும் டாக்டர் அதை நினைத்து நினைத்துச் சிரித்தார்.

எல்லாமே அப்படிச் சிரிப்பில் முடிந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் தேக்கா எப்படி இருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். வேலை இடங்களிலிருந்து வந்து இறங்கும் தொழிலாளத் தம்பிகளின் கூட்டம் சாலை வரைக்கும் நிற்கும். அவர்களுக்கு வேறு நாள் கிடைக்காது என்பதால் நாங்கள் ஞாயிறும் திறந்திருப்போம். அப்படி ஒரு ஞாயிறு மத்தியானம் துவாஸ் தொழிலாளர் விடுதியில் தங்கியிருந்த ஒருவர் நண்பரோடு வந்தார். புதுக்கோட்டைப் பக்கம். கப்பல் பட்டறையில் வெல்டிங் வேலை. வாயருகே ஒரு துண்டைப் பிடித்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்தார். நண்பர்தான் பேசினார். கடைவாய்ப் பல்லில் வலி இருந்ததாம், கிராம்பு வைத்தாராம், மாத்திரை போட்டாராம், வலி போய்விட்டதாம், இப்போது வீக்கம் மட்டும்தானாம். நான் அவரிடம் பெயர் கேட்டேன். அவர் சொன்னார். எனக்குப் புரியவில்லை. திரும்பக் கேட்டேன். வாய் நிறையச் சூடான சோற்றை வைத்துக்கொண்டு பேசுவது போல ஒரு குரல் வந்தது.

அந்த இரண்டாவது தடவைக்கு டாக்டர் வெளியே வந்துவிட்டார். உள்ளே வேறொருவர் வாயைத் திறந்தபடி படுத்திருந்தார். அவரிடம் என்ன சொல்லிவிட்டு வந்தாரோ தெரியாது.

நாக்கை நீட்டச் சொன்னார். நீட்ட முடியவில்லை. நாக்கு மேல்நோக்கித் தூக்கிக்கொண்டு பல்வரிசைக்குள் அடைத்து நின்றது. எச்சிலை விழுங்கச் சொன்னார். முடியவில்லை. அதற்குத்தான் அந்தத் துண்டு. தாடைக்கு அடியில் கை கொடுத்தபோது டாக்டர் விரல்கள் அங்கேயே நின்றன. பிறகு என் கையைப் பிடித்து அங்கே வைத்தார். இரண்டு பக்கமும் பலகை மாதிரி இறுகிக் கிடந்தது. ராத்திரி எப்படித் தூங்கினார் என்று நண்பரிடம் கேட்டார். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்கியதாக நண்பர் சொன்னார். படுத்தால் மூச்சு அடைக்கிறதாம்.

ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொன்னார். மூச்சு அடைபடலாம் என்று மறக்காமல் சொல் என்றார். நண்பர் பதறிப்போய் அவரை பெஞ்சில் படுக்க வைக்கப் போனார். டாக்டர் அந்தக் கையைத் தட்டிவிட்டார். படுக்க வைத்தால் இருக்கிற வழியும் மூடிக்கொள்ளும், உட்கார்ந்தே இருக்கட்டும் என்றார்.

அந்த மனிதர் தலையை ஆட்டி மறுத்தார். போனை எடுத்து ஏதோ தட்டி டாக்டரிடம் நீட்டினார். நானும் எட்டிப் பார்த்தேன். ஊரில் மனைவிக்கு இன்று வளைகாப்பு, மத்தியானம் வீடியோ காலில் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன், மாத்திரை மட்டும் கொடுங்கள், பேசிவிட்டு நாளைக்கு ஆஸ்பத்திரி போகிறேன் என்று எழுதியிருந்தார்.

டாக்டர் அவர் முன்னால் தரையில் குந்தி உட்கார்ந்தார்.

"தம்பி, இது பல்லுல ஆரம்பிச்சுது. இப்ப பல்லுல இல்ல. நாக்குக்கு அடியில பரவி, கழுத்துக்கு இறங்கிட்டிருக்கு. நாளைக்குன்னு ஒண்ணு இருக்கணும்னா இப்பப் போகணும். என்கிட்ட இதுக்கு மாத்திரை கிடையாது."

அந்த மனிதர் அழுதார். சத்தம் வரவில்லை, கண்ணிலிருந்து மட்டும் வழிந்தது. கொஞ்ச நேரம் கழித்து அந்தப் போனை டாக்டர் கையில் வைத்து, அவர் விரல்களை அதன்மேல் மடக்கினார். பேசுங்கள் என்று அர்த்தம்.

ஆம்புலன்ஸில் டாக்டர் அவரோடு ஏறினார். நான் மற்றவர்களிடம் மன்னிப்புக் கேட்டு அனுப்பிவிட்டு, கிளினிக்கைப் பூட்டி, நண்பரையும் கூட்டிக்கொண்டு டாக்சியில் போனேன். நாங்கள் போய்ச் சேரும்போது அவரை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். மூச்சுக்கு மூக்கு வழியாகக் குழாய் விடவேண்டும், கழுத்தைக் கீறிச் சீழை வெளியேற்ற வேண்டும், அந்தப் பல்லை எடுக்க வேண்டும். டாக்டர் கிளினிக் உடுப்போடு ஒரு நாற்காலியில் இருந்தார். மடியில் அந்தப் போன். அது துடிக்கத் தொடங்கியது. திரையில் ஒரு பெண்ணின் சிரித்த முகம்.

ஒரு தடவை அடித்து நின்றது. மறுபடி அடித்தது. வேண்டாம், அப்புறம் பேசலாம் என்று நண்பர் கெஞ்சினார். ஏதாவது பொய் சொல்லலாம், ஓவர்டைம் என்று சொல்லலாம் என்றார். டாக்டர் எடுத்துவிட்டார்.

கன்னத்தில் சந்தனம் பூசிய முகம். இரண்டு கைகளிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல். பின்னால் பெண்கள் சிரித்துப் பேசும் சத்தம். புருஷன் முகத்தை எதிர்பார்த்த இடத்தில் தூடோங் கட்டிய ஓர் அம்மாவைப் பார்த்து அந்தப் பெண்ணின் சிரிப்பு பாதியில் நின்றது.

"நான் சிங்கப்பூர்ல பல் டாக்டர்மா. உன் வீட்டுக்காரர்தான் இந்தப் போனைக் குடுத்து உன்கிட்ட பேசச் சொன்னார். நீ கொஞ்சம் தனியா வந்து உக்காரு."

வளையல் சத்தம் கேட்டது. கதவு சாத்தும் சத்தம் கேட்டது. டாக்டர் ஒன்றையும் மறைக்கவில்லை. கழுத்தில் சீழ் பரவியிருக்கிறது, இப்போது ஆபரேஷன் நடக்கிறது, நேரத்துக்கு வந்துவிட்டார், பிழைத்துவிடுவார் என்று நம்புகிறேன் என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"பல்வலின்னுதானே சொன்னாரு?" என்றாள் அந்தப் பெண். "அதுவும் சரியாயிடுச்சுன்னாரே."

"சரியாயிடுச்சுன்னுதான் அவரும் நெனச்சார்மா."

அவர் குரலை ஒரு தடவை கேட்க வேண்டும் என்றாள். தொண்டையில் குழாய் இருப்பதால் சில நாள் பேச முடியாது, அதுவரை தினமும் நானே கூப்பிட்டுச் சொல்கிறேன் என்றார் டாக்டர். இப்போது போய்க் கொஞ்சம் சாப்பிடு, பிள்ளைக்காக என்றார். போனை வைத்த பிறகு அந்தப் பெண்ணின் நம்பரைத் தன் போனில் பதிந்துகொண்டார்.

சொன்னபடியே தினமும் கிளினிக் முடிந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போனார். தீவிர சிகிச்சைப் பிரிவின் வெளியிலிருந்து அந்தப் பெண்ணைக் கூப்பிட்டார். காய்ச்சல் இறங்கியதா, வீக்கம் வடிகிறதா என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அன்றைய நிலவரம் மோசமாக இருந்தால் மோசம் என்றே சொன்னார். ஒரு நாள் தொற்று நெஞ்சுக்கு இறங்கியிருக்குமோ என்று சந்தேகப்பட்டு ஸ்கேன் எடுத்தார்கள். ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்று தெரிந்த சாயங்காலம் என்னிடம் ஒரு தே ஓ கோசோங் வாங்கித் தரச் சொல்லிக் குடித்தார். அவருக்குச் சர்க்கரையும் பாலும் இல்லாத வெறும் தேநீர்தான் பிடிக்கும்.

அப்போதுதான் கேட்டேன். அங்கே பார்த்துக்கொள்ள அத்தனை டாக்டர்கள் இருக்கிறார்கள், நீங்கள் ஏன் தினமும் போகிறீர்கள் என்று.

அவர் வேலை பழகிய காலத்தில் ஒரு மலாய்க்கார அம்மா வந்தாராம். வீட்டில் குவே என்ற பலகாரம் செய்து விற்பவர். மேல்வாய்ப் பல், கன்னத்தில் லேசான வீக்கம். அடுத்த தடவை வந்தபோது வலி நின்றுவிட்டது, வேலை இருக்கிறது, பல்லைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றாராம். அன்றைக்குக் கூட்டம் அதிகம். டாக்டரும் சரியென்று அனுப்பிவிட்டார். சில நாள் கழித்து அந்த அம்மாவை மகன் தூக்கிக்கொண்டு வந்தான். கண் மூடி வீங்கியிருந்தது. சீழ் கண்குழி வரை ஏறியிருந்தது. உயிர் பிழைத்தார். அந்தக் கண்ணில் பார்வை திரும்பவில்லை.

"அவங்க என்னைத் திட்டியிருக்கலாம்" என்றார் டாக்டர். "திட்டவே இல்ல. நோன்புப் பெருநாளைக்கு எனக்குக் குவே குடுத்தனுப்பினாங்க. அப்புறம் வருஷா வருஷம் அனுப்பினாங்க. அதை எப்படிச் சாப்பிடுறது, சொல்லு."

சாப்பிட்டாராம். எல்லாவற்றையும் சாப்பிட்டாராம். மீதம் வைக்க அவருக்கு மனம் வரவில்லையாம். அந்த அம்மா இறக்கும் வரை போய்ப் பார்த்து வந்திருக்கிறார். இதை அவர் ஒரே ஒரு முறைதான் சொன்னார். நானும் மறுபடி கேட்கவில்லை.

துவாஸ் தம்பி பிழைத்தார். குழாயை எடுத்த அன்று டாக்டர் போன் போட்டு அவர் கையில் கொடுத்துவிட்டு அறையை விட்டு வெளியே வந்துவிட்டதாகச் சொன்னார். முதலில் என்ன பேசினார் என்று ஆவலாகக் கேட்டேன். "எனக்கெப்படித் தெரியும்? அது அவங்க ரெண்டு பேர் பேச்சு" என்றார். ஊர் முழுக்கப் பேச்சைக் காதில் வாங்கியவர் அதை மட்டும் கேட்காமல் வந்திருக்கிறார்.

சில மாதம் கழித்து ஒரு ஞாயிறு அந்தத் தம்பி படியேறி வந்தார். மோவாய்க்குக் கீழே தழும்பு. பெண் குழந்தை பிறந்திருந்தது. படத்தைக் காட்டிவிட்டு நாற்காலியில் ஏறிப் படுத்து, மிச்சப் பல் அத்தனையும் பிடுங்கிவிடுங்கள் டாக்டர், ஒன்றுகூட வேண்டாம் என்றார். டாக்டர் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. கடைசியில் ஒரு கண்ணாடியை அவர் கையில் கொடுத்து, சொத்தை இல்லாத பற்களை ஒவ்வொன்றாகத் தட்டிக் காட்டி, இவை எந்தத் தப்பும் செய்யவில்லை, பாவம், விட்டுவிடலாம் என்று பஞ்சாயத்துப் பேசினார். நான் சிரிப்பை அடக்க முடியாமல் மாஸ்க்கை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

என்னிடமும் அவர் அப்படித்தான் இருந்தார். கும்பகோணத்தில் என் அப்பா இறந்தபோது விமானம் பிடித்துப் போவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. முகம் பார்க்கக் கிடைக்கவில்லை. காரியம் முடித்துத் திரும்பி வந்த மறுநாளே வேலைக்குப் போனேன். எப்படி இருக்கிறாய் என்று கேட்டார். நன்றாகத்தான் இருக்கிறேன், ஒன்றுமில்லை டாக்டர் என்றேன். மத்தியானத்துக்கு வரவேண்டியவர்களை அவரே போன் செய்து வேறு நாளுக்கு மாற்றினார். பிறகு அந்த பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டு என்னை உட்கார வைத்தார்.

"அப்பா எப்படிப் பேசுவாங்க? சத்தமாவா, மெதுவாவா?"

யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. எப்படி இறந்தார், என்ன வயது, என்ன வியாதி என்றுதான் எல்லாரும் கேட்டார்கள். சத்தமாகத்தான் பேசுவார் என்று சொன்னேன். சிங்கப்பூர் வெகுதூரம் என்பதால் கத்தினால்தான் கேட்கும் என்று கடைசி வரை நம்பினார் என்று சொன்னேன். போனை எடுத்ததும் அங்கே மழையா என்றுதான் கேட்பார். மழை என்றால் குடை இருக்கிறதா என்பார். மழை இல்லை என்றால், அப்படியானால் வெயிலில் போகாதே என்பார். சொல்லச் சொல்ல எனக்கு அவர் குரலே கேட்டது. அதற்குப் பிறகுதான் அழுதேன். டாக்டர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அவர் தேநீர் ஆறிக் கிடந்தது. இருட்டுவதற்கு முன் என் வீடு இருக்கும் உட்லண்ட்ஸுக்கு என்னை ரயில் ஏற்றிவிட்டு எதிர்ப்பக்கம் போனார்.

ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் இருந்த டாக்டருடைய அக்காவுக்கு உடம்பு முடியாமல் போனது. அக்காவுக்கு வேறு யாரும் இல்லை. டாக்டரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இருவருக்கும் ஒருவரையொருவர் விட்டால் யாரும் இல்லை என்பது அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கொஞ்ச நாள்தான், போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடுவேன் என்றார். நோயாளிகளை வேறொரு டாக்டரிடம் ஒப்படைத்தார். கடைசி நாள் முழுவதும் என் மேசையில் உட்கார்ந்து, வலி நின்றுவிட்டது என்று வராமல் போனவர்களுக்கெல்லாம் போன் செய்துகொண்டிருந்தார். பாதிப் பேர் எடுக்கவில்லை. எடுத்தவர்களில் ஒருவர் இவரை விற்பனைக்காரர் என்று நினைத்துத் திட்டிவிட்டார். அதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, எதற்கும் ஒரு எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள் என்று சொல்லி வைத்தார்.

படிக்கு அடியில் விடைபெற்றோம். பாத்திரக்கடைக்காரர் வாடிக்கையாளரோடு பேசிக்கொண்டிருந்தார், சாலையில் பஸ் ஒன்று ஹார்ன் அடித்தபடி நின்றது. டாக்டர் என் முகத்தை இரண்டு கைகளாலும் ஏந்தினார். நெறி பார்க்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. விடாமல் அப்படியே கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

கொஞ்ச நாள் என்பது நீண்டுகொண்டே போனது. அவருக்குப் போனில் எழுதுவது வராது. நான் பெரிதாக ஏதாவது அனுப்பினால் "சரிமா" என்று வரும். பிறகு அதுவும் நின்றது. நம்பர் மாறியிருக்க வேண்டும். புதிய டாக்டர் கிளினிக்கை வேறு இடத்துக்கு மாற்றினார். நான் கிளமெண்டிக்கு வந்தேன். யாராவது தேடினால் சொல்லச் சொல்லி, புது இடத்தைப் பாத்திரக்கடைக்காரரிடம் சொல்லி வைத்தேன். தேக்காவுக்குக் காய்கறி வாங்கப் போகும்போது அந்தப் படியைத் தாண்டித்தான் போவேன். மேலே இப்போது ஒரு டிராவல் ஏஜென்சி இருக்கிறது.

போன மாதம் ஒரு நாள் விடுப்பு எடுத்தேன். மறுநாள் வேலைக்குப் போனதும், என்னோடு வரவேற்பில் இருக்கும் மலாய்க்காரப் பெண், நேற்று உன்னைத் தேடி ஒரு ஆன்ட்டி வந்தார் என்றாள். ஒல்லியாக, வெளிர் நிறத் தூடோங் அணிந்தவர். நீ இன்று வரவில்லை என்று சொன்ன பிறகும் உடனே போகவில்லை. ஒரு பையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பவர்களோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருந்த ஒரு மனிதரிடம் பேச்சுக் கொடுத்தார். பிறகு எழுந்து வந்து, இவரை எல்லாருக்கும் முன்னால் உள்ளே அனுப்புங்கள் என்றார். என்ன இது, வந்த இடத்தில் அதிகாரம் என்று எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது, ஆனாலும் அனுப்பினேன் என்றாள். அவரைப் பார்த்துவிட்டு நம் கிளினிக் டாக்டரே வெளியே வந்து, இதை யார் சொன்னது என்று கேட்டார். அதற்குள் அந்த ஆன்ட்டி, சாயங்காலம் ஃபிளைட் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

நம்பர் கொடுத்தாரா என்று கேட்டேன். கேட்கத் தோன்றவில்லை, சாரி என்றாள். வேறு ஏதாவது சொன்னாரா என்று கேட்டேன். யோசித்தாள்.

அவர் ஒன்று கேட்டாராம். மத்தியானம் என்னோடு யார் உட்கார்ந்து சாப்பிடுவார்கள் என்று. இவள் உள்ளதைச் சொல்லியிருக்கிறாள். யாரும் இல்லை, மேசையிலேயே தனியாகச் சாப்பிட்டுவிடுவாள் என்று. அதைக் கேட்டு அவர் தலையசைத்துவிட்டு வாசலுக்கு நடந்தாராம்.

அன்றைக்கு நான் விடுப்பு எடுத்ததற்குக் காரணம் என்று எதுவும் இல்லை. சும்மா எடுத்தேன். ஜன்னல் திரைகளைத் துவைத்துக் காயப்போட்டேன். பழைய சோற்றில் மோர் ஊற்றிச் சாப்பிட்டேன். அவர் கிளமெண்டியில் என்னைக் கேட்டு வந்து உட்கார்ந்திருந்த அந்த நேரத்தில், உட்லண்ட்ஸில் என் வீட்டுச் சமையலறை ஜன்னலில் நின்றுகொண்டு, மலேசியாவுக்குப் போகும் ஜொகூர்ப் பாலத்தை நோக்கி ஊர்ந்துபோகும் பஸ்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.